செய்மதி அறிந்ததை லயமும் அறியட்டும்

பதுளை மாவட்டத்தில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வானொலிச் செய்தியில் மூன்று நிறங்களை வாசிக்கத் தொடங்குவார்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேறு என்று அர்த்தம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் இந்த எச்சரிக்கையில் பசறை, லுணுகலை, ஹாலிஎல, எல்ல, ஹல்துமுல்லை என்று பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள் வரும். தேயிலைத் தோட்டத்தின் பெயர் வராது. மேல் டிவிசனா, கீழ் டிவிசனா, தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயம் என்ற பேச்சே இல்லை. ஒரு பிரதேச செயலகப் பிரிவு என்பது மலையும் மடுவுமாகப் பரந்து கிடக்கும் பெரிய நிலம். அதில் இருக்கிற அத்தனை பேரும் நடுச்சாமத்தில் எழுந்து எங்கே போவது? போகமாட்டார்கள். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு படுத்துக்கொள்வார்கள். விடிந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. அடுத்த முறை சிவப்பு வாசிக்கும்போது வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன் நான். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா கான் வெட்டினார். நான் படித்து, புவியியல் ஆசிரியனாகி, ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளிலேயே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றேன். இப்போது வீட்டில் இருக்கிற நேரத்தில், பேரனுடைய மடிக்கணினியில் செய்மதிப் படங்களைப் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி கோபமாகவே வளர்ந்திருக்கிறது. எங்கள் மலைகள் எங்கே அசைகின்றன என்பதை வானத்திலிருந்து அளக்கும் வசதி உலகத்தில் இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. அப்படியிருக்க அந்த மலையின் அடியில் படுத்திருப்பவனுக்கு மட்டும் ஏன் அது தெரிவதில்லை?

2014ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி ஐரோப்பிய விண்வெளி முகவரகம் சென்டினல்-1ஏ என்ற ராடர் செய்மதியை ஏவியது. ஒக்டோபரில் அதன் தரவுகள் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்குத் திறந்துவிடப்பட்டன. அதே ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில்தான் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப்போன பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து மாற்றுங்கள் என்று 2005இலும் அதற்குப் பின்னரும் நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். நிலவியல் தெரிந்தவர்களுக்கு அது ஆச்சரியமான முடிவும் அல்ல. செங்குத்தான பாறைச் சுவரின் கீழே, முன்பொரு காலத்தில் சரிந்து வந்து தங்கிய மண்ணின் மேல்தான் அந்தத் தேயிலையும் அந்த லயங்களும் இருந்தன. ஒருமுறை சரிந்து வந்த மண் தண்ணீர் குடித்தால் மறுபடியும் சரியும். சொன்னது கடிதமாக இருந்தது, கடிதம் கோப்பில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள்.

அப்போது நடந்த இன்னொரு விடயத்தையும் நான் மறக்கவில்லை. காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் என்றார்கள். நாட்கள் போகப் போக எண்ணிக்கை இறங்கி 40க்கும் கீழே வந்தது. மண்ணுக்குள் போனவர்களின் கணக்கே இவ்வளவு தூரம் ஊசலாடியது என்றால், மண்ணுக்கு மேலே இருந்தபோது அவர்களை எந்தப் பதிவேடு சரியாக எண்ணி வைத்திருந்தது? செய்மதி கூரையை எண்ணிச் சொல்லும். கூரைக்குக் கீழே எத்தனை உயிர் என்பதைக் கிராம உத்தியோகத்தரும் தோட்ட நிர்வாகமும்தான் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இப்போது நோர்வேக்குப் போவோம். அந்த நாடு 2018இல் ஒரு வேலை செய்தது. மேலே சொன்ன அதே சென்டினல்-1 செய்மதியின் தரவுகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் நில அசைவு வரைபடம் ஒன்றைத் தயாரித்து இணையத்தில் போட்டது. யாரும் திறந்து பார்க்கலாம். எந்த வீதி, எந்தக் கட்டடம், ஆண்டுக்கு எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று நிறப்புள்ளிகளாகக் காட்டும். பின்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கும் அதே மாதிரி ஒரு சேவை வந்தது. ஒஸ்லோவில் குடியேறிய இலங்கைத் தமிழர் ஒருவர் தன் வீட்டுக்குக் கீழே இருக்கும் நிலம் அசைகிறதா என்று கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். பசறையில் இருக்கும் ஒரு கொழுந்துத் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை. இரண்டு இடத்துக்கும் மேலே பறப்பது ஒரே செய்மதி.

இதை எப்படி அளக்க முடிகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். ராடர் செய்மதி ஏறக்குறைய 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்து நுண்ணலையை அனுப்பி, அது நிலத்தில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கிறது. இரவு, பகல், முகில் எதுவும் அதற்குத் தடையில்லை. கார்த்திகையில் பத்து நாள் தொடர்ந்து சூரியனைக் காணாத எங்கள் ஊருக்கு இது பெரிய விடயம்; சாதாரணப் புகைப்படச் செய்மதி அந்த நாட்களில் வெறும் பஞ்சுப்பொதியைத்தான் படம் பிடிக்கும். 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வந்து அதே நிலத்தைப் பார்த்து, போன தடவை அலை திரும்பி வந்ததற்கும் இந்தத் தடவை வந்ததற்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைக் கணக்கிட்டால், நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று மில்லிமீற்றர் கணக்கில் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு முரண் இருக்கிறது. தேயிலைச் செடி, மானாப்புல், கருப்பந்தேக்கு இவற்றின் மேல் பட்ட ராடர் அலை குழம்பிப் போகும். இலை காற்றில் ஆடும், வளரும், வெட்டப்படும். ஆனால் தகரக் கூரை நன்றாகத் திருப்பி அனுப்பும். பகலில் வேகவைத்து, மழையில் காது செவிடாக்குகிற அந்த லயத்துத் தகரம் ராடருக்குத் தெளிவாகத் தெரிகிற அடையாளம். பச்சை மலைக்கு நடுவே நீண்டு கிடக்கும் லயங்களும், ஸ்டோர்க் கட்டடமும், துரை பங்களாவும்தான் எங்கள் மலையை அளக்க வசதியான புள்ளிகள். இலைகளை ஊடுருவிப் பார்க்கும் நீண்ட அலை ராடர்களும் இப்போது வந்துவிட்டன. 2025 ஜூலை 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய நிசார் செய்மதியின் அலைநீளம் சுமார் 24 சென்ரிமீற்றர். சென்டினலின் அலை ஐந்தரை சென்ரிமீற்றர் அளவுதான். தேயிலை மலைக்கு நிசார் கூடுதலாகப் பொருந்தும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ மந்திரக் கண்ணாடி விற்கிறவனைப் போல ஆகிவிடும். ராடர் வடக்குத் தெற்காக நகரும் நிலத்தைச் சரியாக உணராது. செங்குத்தான பள்ளத்தாக்கின் சில பக்கங்கள் அதன் நிழலில் மறைந்துவிடும். பல மாதமாக மெல்ல ஊர்ந்து வருகிற சரிவை அது காட்டும்; ஒரே இரவுப் பேய்மழையில் திடீரென்று பிய்த்துக்கொண்டு வரும் சரிவை முன்கூட்டிச் சொல்லாது. எத்தனை மணிக்கு மலை இறங்கும் என்று எந்தச் செய்மதியும் சொல்லப் போவதில்லை. ஆனால் எந்த லயத்தை முதலில் காலி செய்ய வேண்டும் என்ற வரிசையை அது தரும். எங்களுக்கு இப்போது தேவைப்படுவது அந்த வரிசை.

நம் நாட்டில் வரைபடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் மண்சரிவு ஆபத்து வலய வரைபட வேலையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பித்தபோது முதலில் எடுத்துக்கொண்டவையே பதுளையும் நுவரெலியாவும்தான். விமானப் படங்களைப் பார்த்தும், மலை மலையாக நடந்தும் பொறியியலாளர்களும் நிலவியலாளர்களும் செய்த நல்ல வேலை அது. அந்த வரைபடங்களில் விரிவான தாள்கள் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரையப்பட்டவை. இங்கேதான் புவியியல் ஆசிரியனுடைய புத்தி குறுக்கே வருகிறது. பத்தாயிரத்துக்கு ஒன்று என்றால் தாளில் ஒரு சென்ரிமீற்றர், நிலத்தில் 100 மீற்றர். பத்தடி அகலமுள்ள காம்பராக்கள் பன்னிரண்டு வரிசையாக உள்ள ஒரு லயத்தின் நீளம் 120 அடி; சுமார் 36 மீற்றர். வரைபடத்தில் அது நாலு மில்லிமீற்றர் கூட வராது. பன்னிரண்டு குடும்பமும் ஒரு அரிசியின் நீளத்துக்குள் முடிந்துவிடும். ஆபத்து வலயத்தின் எல்லைக்கோடு அந்த அரிசிக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல எனக்கே கஷ்டம். லயத்துக்கு இந்தப் பக்கம் வலயம், அந்தப் பக்கம் வலயமில்லை என்று அதைக் கொண்டு முடிவெடுத்தால் அது மனச்சாட்சி உள்ள முடிவாக இருக்காது.

ஒருமுறை ஓர் அலுவலகத்தில் எங்கள் பகுதி வரைபடத்தைக் காட்டும்படி கேட்டேன். மரியாதையாகத்தான் காட்டினார்கள். குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தோட்டத்தின் பெயர் இருந்தது. டிவிசன் பெயர் இல்லை, லயம் இல்லை. இதில் எங்கள் லயம் எங்கே என்று கேட்டேன். அதைத் தோட்டத்துரையிடம்தான் கேட்க வேண்டும் என்றார் அந்த இளைஞர். துரையிடம் கேட்டால் அவர் அலுவலகத்தைக் கேட்கச் சொல்வார் என்பது மலைநாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும்.

டித்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் வந்தபோது இந்த ஓட்டை முழுவதுமாக வெளியே தெரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை மாவட்டத்தில் மட்டும் 80க்கும் மேல். கண்டி, நுவரெலியா, பதுளை மூன்றும்தான் பெரிய விலை கொடுத்தன. பெரும்பாலானவர்களைக் கொன்றது காற்றில்லை, மண். அந்த நாட்களில் என் கைபேசிக்கு வந்து சேர்ந்த எச்சரிக்கைகளில் பல சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தமிழில் வந்தவை பிந்தி வந்தன. பிறகு கைபேசியும் ஓய்ந்தது, மின்சாரமும் போனது, வீதியும் போனது. பேரிடர் நேரத்தில் உலகின் விண்வெளி நிறுவனங்கள் இலவசமாகப் படம் கொடுக்கும் சர்வதேச சாசனம் ஒன்று 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டித்வாவின்போது அது இலங்கைக்காகச் செயல்படுத்தப்பட்டது. நல்ல காரியம்தான். வெள்ளம் எங்கே நிற்கிறது, எந்த வீதி அறுந்தது, எந்த மலையில் சிவப்புத் தழும்பு விழுந்திருக்கிறது என்றெல்லாம் அந்தப் படங்களிலிருந்து எடுத்தார்கள். ஆனால் அவை எல்லாம் ஆட்கள் செத்த பிறகு எடுத்த படங்கள். உலகம் எங்களை விண்ணிலிருந்து உற்றுப் பார்ப்பது சடலம் தேடுகிற வாரத்தில் மட்டும்தான் என்றால், அந்தத் தொழில்நுட்பத்தில் பாதியைத்தான் நாம் பயன்படுத்துகிறோம்.

கடலுக்கு அப்பாலும் இதே கதை நடந்திருக்கிறது. 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு கேரளத்தின் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடித் தேயிலைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை அள்ளிக்கொண்டு போனது. 70 பேர். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். தொலைபேசி இணைப்பு இல்லாததால் வெளியுலகத்துக்குச் செய்தி போகவே மறுநாள் காலை ஆனது. 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை. அங்கே சரிந்த பரப்பு 86,000 சதுர மீற்றர், சேறும் பாறையும் ஓடிய தூரம் 8 கிலோமீற்றர் என்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் செய்மதிப் படங்களிலிருந்து அளந்து சொன்னது. அதற்கு முந்திய ஆண்டே அந்த நிறுவனம் 1998 முதல் 2022 வரையான ஏறக்குறைய 80,000 மண்சரிவுகளைக் குறித்து ஓர் அட்லஸ் வெளியிட்டிருந்தது. அதில் வயநாடும் இருந்தது. அட்லஸ் இருந்தும் முண்டக்கையில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே வரைபடம் போட்டுவிட்டால் உயிர் தப்பிவிடும் என்று நினைக்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. லயத்தின் சுவருக்கு வராத வரைபடம் அச்சகத்துக்குத்தான் வேலை கொடுக்கும்.

செய்மதியால் மண்சரிவை மட்டும்தான் பார்க்கலாம் என்றில்லை. எங்கள் அப்பா வெட்டிய கான் விடயத்துக்கு வருகிறேன். தேயிலை மலையில் மழைநீர் உள்ளே இறங்காமல் குறுக்காக வழிந்து ஓடுவதற்குத்தான் கான். மழைக்கு முன்னால் கானில் நிறைந்த மண்ணை அள்ளிப் போடுவது ஒரு முக்கிய வேலை. கான் நிரம்பினால் தண்ணீர் மலைக்குள் இறங்கும், மலை கனக்கும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, நான் அறிந்த மலைகளில் இந்த வேலைக்கு ஆள் போடுவது வருடா வருடம் குறைந்தது. கொழுந்து வருமானம் தரும், கான் தராது. ஒன்றரை அடி கானைச் செய்மதி பார்க்காதுதான். ஆனால் கைவிட்ட மலையைப் பார்க்கும். தேயிலை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி பச்சையாக நிற்கும். கைவிட்ட இடத்தில் மானாப்புல் ஏறி, கச்சான் காற்றடிக்கும் ஜூலை, ஓகஸ்டில் காய்ந்து பழுப்பாகும். அகச்சிவப்பு அலைவரிசையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செய்மதிகள் 1972இலிருந்து எடுத்த படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். பெயரை எழுதப் போவதில்லை. நான் சிறுவனாக அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன மலைகளில் பாதியளவு இப்போது தேயிலையே இல்லை. அந்தக் கைவிட்ட மலைகளுக்கு நேர் கீழேதான் பணிய லயம் இருக்கிறது.

நிலம் அரசுடையது, கம்பனிகள் குத்தகைக்காரர்கள். குத்தகைக்கு விட்டவர் நிலம் எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது உலக வழக்கம். மலை மலையாக உத்தியோகத்தரை அனுப்ப ஆளில்லை என்று இனிச் சொல்ல முடியாது. பத்து மீற்றர் நுணுக்கத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை சென்டினல்-2 செய்மதி எடுக்கும் படத்தைத் திறந்து பார்க்க ஒரு கணினியும் ஓர் உத்தியோகத்தரும் போதும். எத்தனை ஹெக்டேயர் கைவிடப்பட்டது, அதற்குக் கீழே எந்தக் குடியிருப்பு இருக்கிறது என்று பெருந்தோட்ட அமைச்சு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடட்டும். நாற்றுப் போட்டது எவ்வளவு, ஏற்றுமதி எவ்வளவு என்று எண்ணுகிற அமைச்சுக்கு இது ஒன்றும் புதிய கணக்கில்லை.

தீயும் அப்படித்தான். கச்சான் காலத்தில் எல்ல, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துப் புல்மலைகள் எரிவது வழமையாகிவிட்டது. தீயின் வெப்பத்தை உணரும் செய்மதிகள் உண்டு. நாசாவின் இணையத்தளம் சில மணித்தியாலத்துக்குள் இடத்தைக் காட்டுகிறது. எரிந்த மலை ஒக்டோபர் மழைக்கு வெறும் மண்ணாக நிற்கும். அந்த மண் ஆற்றில் இறங்கும். வெலிமடை, ஊவா பரணகம மரக்கறித் தோட்டங்களின் மண்ணும் சேர்ந்து உமா ஓயா வழியாக ரந்தம்பை நீர்த்தேக்கத்தை நிரப்பி வருவது பொறியியலாளர்கள் பல காலமாகச் சொல்லி வரும் முறைப்பாடு. மேலே ஒருவர் மலையைக் கவனிக்காவிட்டால் கீழே நாட்டின் மின்சாரமும் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

உமா ஓயா என்றதும் பண்டாரவளைக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். மலையைக் குடைந்து 15 கிலோமீற்றருக்கும் மேல் சுரங்கம் போட்ட அந்தத் திட்டத்தில், 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின, பீலிகள் நின்றன, சுவர்கள் வெடித்தன. 2017இல் பண்டாரவளையில் பெரிய ஆர்ப்பாட்டமே நடந்தது. 2024 ஏப்ரல் 24இல் ஈரானிய ஜனாதிபதி ரைசி வந்து திட்டத்தைத் திறந்து வைத்தார். 120 மெகாவொட் மின்சாரம். அது கிடைக்கட்டும், நான் எதிரியில்லை. ஆனால் அந்த நாட்களில் நடந்த வாக்குவாதத்தை நினைத்துப் பாருங்கள். உன் வீட்டு வெடிப்பு சுரங்கத்தால் வந்ததா, உன் கொத்தனார் வேலையால் வந்ததா என்று ஒவ்வொரு குடும்பமும் நிரூபிக்க வேண்டியிருந்தது. நிலம் எங்கே, எப்போது, எவ்வளவு இறங்கியது என்பது ராடர் தரவில் அளக்கக்கூடிய விடயம். அந்த அளவு மக்கள் கையில் இருந்திருந்தால் நட்டஈட்டு மேசையில் அவர்கள் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆட்கள் இல்லை, அறிவு இல்லை என்ற சாட்டும் ஊவாவில் எடுபடாது. நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவகம் தியத்தலாவையில் இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் நிற்கும் பதுளுசிறிகம சரிவே மெல்ல ஊர்கிற நிலம்தான். அங்கே கருவிகள் பதித்து அளந்தார்கள், நிலத்தடி நீரை வடித்தார்கள். செய்யத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. லயத்துச் சரிவுகளில் அப்படியொரு கருவி என் கண்ணில் பட்டதில்லை. எல்லாச் சரிவிலும் கருவி நடப் பணமில்லை என்றால், எங்கே நட வேண்டும் என்று தெரிந்தெடுக்கவாவது செய்மதியைக் கேட்கலாமே. தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். புவியியலும் கணினியும் படித்துவிட்டு வேலை தேடி கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் சிலரை மாவட்டச் செயலகத்திலேயே இருத்தி, இந்தத் தரவை வாசித்துத் தமிழில் எழுதச் சொன்னால் போதும்.

வெளிப்படையாகச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்கிறார்கள். பதவியில் இருப்பவர்கள் இப்படிச் சொல்ல நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மீரியபெத்தையில் மலை இறங்குவதற்கு முந்திய நாள் அங்கே பீதி இருக்கவில்லை. இன்னொரு கேள்விக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன்: சிவப்பு என்று தெரிந்த பிறகு அந்தக் குடும்பம் எங்கே போகும்? சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதவனுக்கு ஆபத்து வரைபடத்தைக் கொடுப்பது கொடுமையாகவும் முடியலாம். மீரியபெத்தையில் மிஞ்சியவர்களுக்கு மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டி 2016 ஒக்டோபரில் கையளித்தார்கள். அதற்கு இரண்டு வருடம் பிடித்தது. 2023 மார்ச் 19ஆம் திகதி இரவு பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மறுபடியும் லயங்கள் மீது மண் இறங்கியது. உயிர்கள் தப்பின; குடும்பங்கள் பழையபடி தற்காலிக இடங்களில் ஒதுங்கின. டித்வாவுக்குப் பிறகு வீட்டை முழுதாக இழந்தவர்களுக்கு 50 லட்சம் ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. வீடு கட்டக் காசு வரும், நிலம் எங்கே? லயத்தில் இருப்பவனுக்கு இழப்பதற்குச் சொந்த வீடே இருக்கவில்லையே என்ற சங்கடமும் இருக்கிறது.

ஆகவே காணியும் செய்மதியும் ஒரே பேச்சாக வர வேண்டும். தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி கொடுப்பதானால், அந்த ஏழு பேர்ச் எந்தச் சரிவில் என்பதை முதலில் ராடர் அசைவு, சாய்வு, பழைய சரிவுத் தடம் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். கம்பனிக்குத் தேவையில்லாத மூலை எதுவோ அதை வெட்டிக் கொடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும். தேயிலை விளையும் நல்ல மட்ட நிலத்திலும் தொழிலாளி குடியிருக்கலாம். ஒவ்வொரு லயத்துக்கும் இலக்கம் இட்டு, அது எந்த வலயத்தில் இருக்கிறது, மழை எத்தனை மில்லிமீற்றர் தாண்டினால் எந்தப் பாடசாலைக்கோ கோயிலுக்கோ போக வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்தில் ஒரு பலகை நடலாம். செய்மதிக்குச் செலவில்லை. பலகைக்கும் பெயின்ருக்கும்தான் செலவு.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்கும் உரியதுதான். தோட்டக் கமிட்டியோ, கோயில் கமிட்டியோ, மாதர் சங்கமோ, ஒரு தனி ஆளோ தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எங்கள் லயம் மண்சரிவு ஆபத்து வலயத்தில் இருக்கிறதா, கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், இடம் மாற்றும்படி யாருக்காவது கடிதம் அனுப்பினீர்களா என்ற மூன்று கேள்விகள் போதும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்துக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று. தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். கச்சான் அடிக்கிற மாதங்களிலேயே எழுதிப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பதில் கையில் இருக்கும்.